இரண்டு எஞ்சின்களும் என் மனைவியின் சனிக்கிழமைகளும்

ஐம்பது வயதில் எனக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று தோன்றியது. பழையதானாலும் பரவாயில்லை, எடை குறைவாக, இரண்டு பேர் உட்காருவதாக இருந்தால் போதும். பல மாதம் தேடியதில் இரண்டு வண்டிகள் அகப்பட்டன. இரண்டுமே வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்தவை. ஒன்று பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவரிடம் இருந்தது. அறுநூற்று அறுபது சிசிதான், ஆனால் வேகத்தைக் கூட்டிக் கொடுக்கும் டர்போ உண்டு. எஞ்சின் இருக்கைக்குப் பின்னால். மற்றது ஏரலில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பாயிடம் இருந்தது. ஆயிரத்து அறுநூறு சிசி, டர்போ கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அவள் ஸ்டியரிங்கைத் தொட்டு நான் பார்த்ததாக நினைவில்லை.

மருத்துவரின் வண்டியை முதலில் ஓட்டினேன். மிதித்ததும் சற்றுப் பொறுத்து, பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் பாய்ந்தது. இதுதான் என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். ஏரலுக்குப் போனது, வருகிறேன் என்று பாயிடம் சொல்லிவிட்டதற்காகத்தான்.

வண்டியைக் காட்டுவதற்கு முன்பே பாய் சொன்னார்: "ஊருக்குள்ள ஆத்து வெள்ளம் வந்தப்போ இது மேட்டுல மச்சான் வீட்டுல நின்னுச்சு. ஒரு சொட்டுத் தண்ணி ஏறலை. நம்பலைன்னா உள்ள கால்மிதியத் தூக்கிப் பாருங்க சார்."

தூக்கிப் பார்த்தேன். துருவோ சேறோ இல்லை. ஆற்றுப் பாலம் வரை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். நல்ல வண்டிதான். எஞ்சினை அணைத்து இறங்கிச் சாவியைப் பாயிடம் கொடுத்தபோது மனைவி சொன்னாள்:

"நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கேன்."

நான் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. "ஓட்டுங்கம்மா" என்று சாவியை அவளிடம் நீட்டினார்.

அவள் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். ஒரு பக்கம் சைக்கிளும் மறுபக்கம் பால் வண்டியும் நின்ற அந்தச் சந்திலிருந்து, பின்பக்கமாகவே, ஒரே மூச்சில் ரோட்டுக்கு வந்தாள். நான் பக்கத்து இருக்கையில் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தேன். வாழைத்தோப்பை ஒட்டிய வளைவு வந்ததும் கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினாள். வண்டி குலுங்கவே இல்லை.

"உனக்கு எப்படி..."

"லைசென்ஸ் எடுத்து மூணு வருஷம் ஆச்சு."

"யாரு கத்துக் குடுத்தா?"

"டிரைவிங் ஸ்கூல்ல. காசு கட்டித்தான்."

எனக்குக் கூடங்குளத்தில் வேலை. திங்கள் முதல் சனி வரை அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்கிவிடுவேன். பஸ்ஸில் போய்வருவதால் எங்கள் கார் பாளையங்கோட்டை வீட்டிலேயே நிற்கும். நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"சனிக்கிழமை ஸ்கூல் கிடையாதுல்லா. காலைல எடுத்துட்டுப் பாவநாசம் போவேன். ஆத்துல குளிச்சுட்டு, விக்கிரமசிங்கபுரத்துல ஒரு கடைல இட்லி சாப்பிட்டுட்டு மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். பெட்ரோலும் நானே போட்டுருவேன்."

"யாரு கூட?"

"யாரும் இல்ல. சும்மாதான்."

டயர்கள் சீக்கிரம் தேய்ந்துவிட்டன என்று நான் கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அப்போதும் இவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் ரோட்டைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "மூத்தவன் பொறந்த புதுசுல எனக்குக் கத்துக் குடுக்கேன்னு கூட்டிட்டுப் போனீங்க. நம்ம வண்ணாரப்பேட்டைல நடுரோட்டுல வண்டி நின்னு போச்சு. 'உனக்கு மூளையே கிடையாதா'ன்னு பஸ்ஸுல இருக்கவங்கல்லாம் எட்டிப் பாக்க மாதிரி கத்துனீங்க. நான் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஞாபகம் இருக்கா?"

இல்லை. துளிகூட இல்லை. அவள் கார் ஓட்டியதைவிட அதுதான் என்னை அதிரவைத்தது. ஒருத்தியின் நெஞ்சில் இத்தனை வருடம் கிடந்த ஒன்று, அதைச் செய்தவனிடம் ஒரு கீறல்கூட விடாமல் போயிருக்கிறது.

திரும்பும் வழியில் டர்போ வண்டியையும் தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"இது வேண்டாம். மிதிச்சா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத்தான் ஓடுது. ஏரல் வண்டி நம்ம கால் சொல்லுதத உடனே கேக்குது."

ஏரல் வண்டியையே வாங்கினோம், அவள் பெயரில். அதற்குள் நான் மன்னிப்புக் கேட்டிருந்தேன், அடுக்களையில், அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது. "சரி" என்று மட்டும் சொன்னாள்.

வண்டி வந்த வாரம் சனிக்கிழமைக்கு லீவு போட்டுவிட்டு, நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"இந்த வாரம் வேண்டாம். அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, துண்டையும் சோப்பையும் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நான் கேட்டைச் சாத்தினேன்.