மிச்ச இடம்

இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால், வீடியோ கசெற்றுகளைச் சிடியாக மாற்றித் தரும் நம்மவர் ஒருவர் இருந்தார். பெருத்த வயிறு. சிடியின் மேல் வாயால் ஊதி, வியர்வையில் ஊறிய சேர்ட் நுனியால் துடைத்துத்தான் தருவார். அதைக் கையில் வாங்கவே எனக்குக் கூசும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த, அம்மாவின் செத்தவீட்டுக் கசெற்றை அவரிடம் கொடுத்திருந்தேன். வருசம் முடிந்து வந்த ஆட்டைத் திவசத்தன்று, சீசா பகுதியிலிருந்த என் வீட்டில் சனம் கூடியிருக்க, அந்தச் சிடியைப் போட்டோம். சிதையில் தீ மூண்ட காட்சி முடிந்ததும், திரையில் ஒரு நடிகை இடுப்பை ஆட்டிப் பாடத் தொடங்கினாள்.

மறுநாள் சிடியோடு அவரிடம் போனேன்.

“செத்தவீடு சிடியிலை பாதி இடந்தான் பிடிச்சது, அண்ணை. மிச்ச இடத்தைச் சும்மா விடலாமே? பாட்டுக்கு நான் காசு எடுக்கேல்லை. இனி டிவிடி எண்டு ஒண்டு வருகுது. இதைப்போல ஏழு மடங்கு கொள்ளும். அதிலை முழுப் படமே போட்டுத் தரலாம்.”

“நீர் ஒரு மனிசனே?” என்றேன்.

அவர் சிடியை வாங்கி ஊதித் துடைத்தபடி கேட்டார்: “பாட்டு வரேக்கை ஆரும் எழும்பிப் போனவையே?”

ஒருவரும் போகவில்லை. சிதையைப் பார்த்துக் குழறி அழுத சித்தியின் கால்கூடத் தாளம் போட்டது.

அவர் நீட்டிய சிடியை, ஈரத்தோடு, வாங்கிக்கொண்டு வந்தேன்.