பஜார் ஸ்டாப்பில் மூன்று பேர்

பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் சும்மா இருந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை, பஸ்ஸுக்காக நிற்பவர்களை எண்ணுவது. போர்ட் பிளேர் பஜாரைத் திருத்தி அமைக்கப் போகிறார்கள் என்று இரண்டு மழைக்காலமாகப் பேச்சு இருந்தது. மணிக்கூண்டைச் சுற்றி இனி வண்டி ஓடாது, நடப்பதற்குக் கல் பதிப்பார்கள், பஸ்கள் பஜாரின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் நின்றுவிடும் என்றார்கள். எந்த ஸ்டாப்பை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று முடிவு செய்ய, எங்கே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு கம்பெனி அந்தக் கணக்கை எடுத்தது. எனக்கு மூன்று மாத ஒப்பந்தம். கழுத்தில் அட்டை, கையில் படிவம், ஒரு நீல மழைக்கோட்டு.

எனக்கு முதலில் விழுந்தது பஜார் நடுவிலிருக்கும் ஸ்டாப், ஐந்து நாள், காலை ஐந்து மணி முதல் எட்டு வரை. ஹேடோ போகும் முதல் பஸ் அங்கே ஐந்தே முக்காலுக்கு வரும். அம்மா தினமும் பிடிக்கும் பஸ் அது. நாங்கள் இருக்கும் டாலிகஞ்சிலிருந்து ஒரு பஸ்ஸில் வந்து, இறங்கின இடத்திலேயே இதில் ஏறி, ஹேடோவில் துறைமுகக் குவார்ட்டர்ஸின் படிக்கட்டுகளைக் கழுவப் போவாள். அங்கே காலையில் கொஞ்ச நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். அதற்குள் போகாதவர்களுக்கு அன்று வேலை இல்லை.

படிவத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். மேலே ‘ஸ்டாப்பில் நிற்கும் நபர்கள்’ என்று போட்டிருந்தது. பயிற்சியின்போது இன்ஜினியர் இரண்டு முறை சொன்னார்: “கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க. உங்க யூகம் எனக்கு வேண்டாம்.” நான் அதை நோட்டில் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மழை. அந்த ஸ்டாப்புக்குக் கூரை கிடையாது. ஒரு கம்பம், அதில் ஒரு தகரப் பலகை. மூன்று பேர் குடையோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவரோரமாகச் சாமான்கள் வரிசையில் இருந்தன. பாலித்தீனில் சுற்றிய டிபன் பைகள், ஒரு பெயின்ட் வாளி, ஒரு சாக்கு, ஒரு தண்ணீர் கேன். அவற்றின் சொந்தக்காரர்கள் எதிர்ப்பக்கம், திறக்காத கடைகளின் தகரத்துக்கு அடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இது எங்கள் ஊர் வழக்கம். மற்ற தீவுகளுக்குப் போகக் கப்பல் டிக்கெட் வாங்க வேண்டுமென்றால் கவுண்டர் திறப்பதற்கு வெகுநேரம் முன்பே வரிசை தொடங்கிவிடும். அவ்வளவு நேரம் யாரும் காலால் நிற்பதில்லை. பையை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் அவருடையது. பெங்காலி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் யாரானாலும் இன்னொருவர் பையை நகர்த்த மாட்டார்கள். டிக்கெட் வரிசையில் பழகியதை பஸ் ஸ்டாப்புக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். நானே எத்தனையோ முறை அப்படி வைத்திருக்கிறேன். அன்று ஆறாவதாக இருந்த பச்சைப் பை அம்மாவுடையது.

கட்டத்தில் 3 என்று எழுதினேன். பை நபர் அல்ல. பஸ் திரும்பியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து எல்லோரும் வந்து ஏறிப் போனார்கள். ஏறுகிறவர்களுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. ஐந்து நாளும் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அந்த வாரக் கடைசியில் அம்மா கேட்டாள். அவள் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். எழுத்துத் தெரியாது, எண்ணத் தெரியும்.

“பஜார்ல எத்தன பேருன்னு எழுதுன, தம்பி?”

“மூணு. ஒருநாள் நாலு.”

“அதுல நானு இருக்கேனா?”

“நீ அந்தப் பக்கம்ல நின்ன.”

“எம் பை இந்தப் பக்கந்தானே இருந்திச்சு.”

“பைய எண்ணச் சொல்லலம்மா.”

அம்மா சிரித்துவிட்டாள். “நல்ல படிப்பு போ. இருவது பேரு ஏறுற பஸ்ஸ மூணு பேராக்கிட்ட. அஞ்சு நாளா நீ எழுதுறதப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். டூட்டில இருக்கவன கூப்புடக் கூடாதுன்னு சும்மா இருந்தேன்.”

அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. படிவம் கேட்டதை எழுதினேன் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து அலுவலகச் சுவரில் வரைபடம் ஒட்டினார்கள். பஜார் ஸ்டாப்பின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில், பயன்பாடு குறைவு.

வீட்டில் அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். டாலிகஞ்ச் பஸ் மேல்முனையில் இறக்கிவிடும். ஹேடோ பஸ் கீழ்முனையிலிருந்து புறப்படும். நடுவில் நடந்துகொள்ள வேண்டும்.

“எவ்வளவு நேரமாகும்?”

“உன் காலுக்கு இருபது நிமிஷம்.”

“அப்ப மொத பஸ் போயிரும். நம்ம பக்கத்துலேருந்து அதுக்கு முந்தி வண்டியும் இல்ல.”

“ஆமா.”

“மேஸ்திரி ரெண்டு நாளு பாப்பாரு. மூணா நாளு வேற ஆளப் போட்டுருவாரு.” கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

மறுநாள் இன்ஜினியரிடம் போனேன். மதுரைப் பக்கத்துக்காரர், கேலி பேசுவார்.

“சார், பஜார் ஸ்டாப் கணக்கு தப்பு.”

“எந்தப் புண்ணியவான் எடுத்தது?”

“நான்தான் சார். பைகளை விட்டுட்டேன்.”

“பையா? பையெல்லாம் எப்பய்யா பஸ் ஏறுச்சு?” பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். நான் வழக்கத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், “உங்க வீட்ல யாராவது அந்த பஸ்ல போறாங்களா?” என்றார்.

“அம்மா போறாங்க சார்.”

“அப்ப நீங்க சொல்றத நான் எப்படி எடுத்துக்கிறது?”

நியாயமான கேள்விதான். “நீங்களே வந்து பாருங்க சார்” என்றேன். என் கணக்கு தப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டார். வருவதாகவும், அதை நான் யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். அம்மாவிடமும் சொல்லவில்லை. அவள் இரண்டு முறை கேட்டாள், “பாக்கலாம்னாரு” என்றேன்.

அந்த வியாழக்கிழமை அவர் குடையோடு வந்து, நின்றிருந்த மூன்று பேருக்குப் பின்னால் நான்காவதாக நின்றுகொண்டார். சுவரோரத்தைப் பார்த்துப் பேனாவால் காற்றில் எண்ணினார். நான் தள்ளி நின்றேன். மணிக்கூண்டைத் தாண்டி பஸ் திரும்பியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து எல்லோரும் வந்து அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு அவரவர் இடத்தில் நின்றார்கள். தள்ளுமுள்ளு இல்லை. அவர் மட்டும் இடித்துக்கொண்டு நின்றார்.

பெயின்ட் வாளிக்காரப் பெங்காலி அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “பாய்சாப், ஆப்கா தைலா கிதர்?”

அவருக்கு இந்தி விளங்கவில்லை. அவள் தன் வாளியைத் தூக்கிக் காட்டி, பை எங்கே என்று சைகை செய்தாள். “நோ பேக், நோ பேக்” என்றார்.

பின்னாலிருந்து அம்மா, ஆள் யாரென்று தெரியாமல், “அண்ணே, தமிழா? பைய வெக்காம நடுவுல வந்து நின்னா எப்புடி? கடைசிக்குப் போங்க” என்றாள்.

“மெயின்லேண்ட் போல இருக்கு” என்று யாரோ சொல்ல, வரிசையே சிரித்தது. அவர் கடைசிக்குப் போனார். அவர் முறை வருவதற்குள் படிவரை ஆள் நின்றது. பஸ் போய்விட்டது. ரோட்டில் நின்று எழுதிக்கொண்டிருந்தவரிடம் போய், “எத்தனை சார்?” என்றேன்.

“இருபத்தி மூணு. என்னைச் சேர்க்காம.”

திருத்திய வரைபடத்தில் அந்தச் சிவப்புக் குறி இல்லை. காலை ஏழு மணிவரை பஸ்கள் பஜாருக்குள் வரலாம், அதன் பிறகு வரக் கூடாது என்று போட்டிருந்தார்கள். எனக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. என் கணக்குதான் காரணமா, வேலை முடிந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். “காலைல இருக்கு. சாயங்காலம் கிடையாது.”

“சாயங்காலம் யாரு எண்ணுனா?”

“வேற ஒருத்தர். மெயின்லேண்டிலிருந்து வந்தவரு.”

“அவுங்கம்மா இந்த பஸ்ல வாறதில்ல போல.”

கல் பதித்து முடித்துவிட்டார்கள். காலையில் அம்மா பழைய இடத்திலேயே பஸ் மாறுகிறாள். திரும்பும்போது கீழ்முனையில் இறங்கி மேட்டில் ஏறி வர வேண்டியிருக்கிறது. நடுவில் போட்டிருக்கும் இரும்பு பெஞ்சில் கொஞ்சம் உட்காருவாள். நான் இருபது நிமிடம் என்று சொன்னதும் தப்பு. அரை மணி ஆகிறது. அவள் வேலை மட்டும் போகவில்லை.