நான் திருடிய என் வெண்பொங்கல்

என் சொந்த எழுத்தை நானே திருடியதாக ஒரு வாரப் பத்திரிகையில் அச்சேறியிருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில், குரோம்பேட்டையில் மண்ணெண்ணெய் ஸ்டவ் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் தமிழ் டைப்பிஸ்ட். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய் வருவேன்.

ஸ்டவ்வோடு கொடுக்க ஒரு சமையல் புத்தகம் வேண்டும் என்றார் மேனேஜர். ஆபீஸில் ஒரே பெண் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. ஆண்கள் எல்லாம் வீட்டில் பட்டினியா கிடந்தார்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கம்பெனி ஸ்டவ் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு மாதம் சமைத்துப் பார்த்தேன். வெண்பொங்கல் மூன்று நாள் தொடர்ந்து அடிப்பிடித்தது. என் கணவர் மூன்று நாளும் வாய் திறக்காமல் தின்றார். நாலாம் நாள், "பக்கத்து வூட்டம்மாகிட்ட பேசப் போவாம இருந்தா நல்லா வரும்" என்றார். கோபம் வந்தாலும் அதையும் சேர்த்தே எழுதினேன்: "திரியைச் சுண்டுவிரல் நகமளவு இறக்குங்கள். பொங்கல் இறங்கும்வரை பக்கத்து வீட்டுக்குப் பேசப் போகாதீர்கள்."

புத்தகம் வந்தது. அட்டையில் கம்பெனி பெயர், பின்னட்டையில் அச்சகத்தின் பெயர். அட்டைப் படத்தில் சிரித்த பெண்கூட நான் இல்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த வருத்தத்தில் ஒரு காரியம் செய்தேன். வெண்பொங்கல் குறிப்பை ஒரு வரிகூட மாற்றாமல், என் பெயர் போட்டு, ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அது வெளிவந்த அன்று என் கணவர் ரயில் நிலையக் கடையில் நாலு பிரதி வாங்கி வந்தார். அதற்கு அடுத்த மாதம் சேலையூர் வாசகி ஒருத்தியின் கடிதம் அதே பத்திரிகையில் வந்தது. 'ஸ்டவ்வோடு வந்த புத்தகத்தில் இது வரிக்கு வரி இருக்கிறது. பக்கத்து வீடு உட்பட. திருடி எழுதுகிறவர்களுக்கு வெட்கம் வேண்டாமா?' கீழே, கம்பெனியிடம் விளக்கம் கேட்டிருப்பதாக ஆசிரியர் குறிப்பு.

வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, திருடி என்ற பெயரோடு போக வேண்டுமே என்பதுதான் பெரிய பயம். மறுநாள் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஆசிரியரின் கடிதம் இருந்தது.

"உட்காரும்மா. ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நான் எழுதினதுதானே சார்."

"எழுதினது நீதான். ஆனா கம்பெனி வேலையா எழுதின. வேற மாதிரி பேசி வெச்சிக்கலைன்னா, அப்படி எழுதினது முதலாளிக்குத்தான் சொந்தம். சட்டமே அப்படித்தான் இருக்கு."

"ஸ்டவ் கம்பெனியோடது சார். மெஷின், பேப்பர் எல்லாம் கம்பெனியோடது. ஆனா அந்தப் பொங்கல்..." அவர் முன்னால் அழுதேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் அவமானம்தான்.

அழுது முடிக்கும்வரை அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து என்னோடு டைப்ரைட்டர் வரைக்கும் வந்தார். "ஆசிரியருக்குப் பதில் போடணும். அடி" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'அந்தப் புத்தகத்தின் உரிமை எங்கள் கம்பெனியைச் சேர்ந்தது. அந்தக் குறிப்பைத் தாங்கள் வெளியிட்டதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.' விசைகளைப் பார்த்தபடியே இருந்தேன். உரிமை அவர்களுடையது, அனுமதியும் அவர்களுடையது, நான் எங்கே என்று மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

அவர் நிறுத்தவில்லை. 'அந்தப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தாமே சமைத்துப் பார்த்து எழுதியவர், எங்கள் அலுவலகத்தில் பணிபுரியும் திருமதி...'

"உன் பேரை நீயே அடிச்சுக்கோம்மா. இந்த லெட்டரையும் பத்திரிகையில போடச் சொல்லு அவங்கள."

எட்டு வருஷமாக யார் யார் பெயரையோ பிழையில்லாமல் அடித்தவள் நான். என் பெயரில் பிழை விழுந்தது. தாளை உருவிவிட்டு மறுபடி அடித்தேன், மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தாளை அவரே உருளையில் மாட்டிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றார்.