மல்லாந்து நீந்தியவர்

விருத்தாசலத்தில் பீங்கானுக்குக் களிமண் வெட்டிய பள்ளமொன்று மழையில் நிரம்பிக் குளமாகிவிட்டது. பக்கத்துப் பீங்கான் சூளையில் வேலை பார்க்கும் ஒருவர், வேலை முடிந்ததும் அதில் இறங்குவார். எப்போதும் மல்லாந்துதான் நீந்துவார். தொப்பை மட்டும் கவிழ்த்த சட்டி போல மேலே தெரியும்.

"ஏங்க, குப்புற நீந்தவே மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, வயிறு மேலாக மல்லாந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த பூச்சிகளைக் காட்டினார்.

"குப்புறப் போனா அதுங்கள மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கணும். கூச்சமா இருக்குதுங்க."

"முதுகுல கடிக்காதா?"

"கடிக்கும். எது கடிச்சிதுன்னு தெரியாது. அதனால கோவம் வராது."

மறுநாள் நான் குப்புற நீந்தினேன். ஒன்று மூக்கிலேயே கடித்தது. பக்கத்தில் அவர் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தார்.

கடித்ததன் முகத்தை நான் நன்றாகப் பார்த்துவிட்டேன். இன்றுவரை கோபம் தீரவில்லை.