பேனாவால் எழுதிய ஒரே படிவம்

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் 'பென்சில் டீச்சர்' என்றுதான் பெயர். சும்மா வந்த பெயரா அது? படிப்பில் தடுமாறும் பிள்ளை பொது வகுப்பிலேயே இருப்பதா, நடைக்கோடியில் அவர் நடத்தும் சிறு வகுப்புக்கு வருவதா என்று முடிவெழுதும் படிவத்தை எப்போதும் பென்சிலால்தான் நிரப்புவார். தலைமை ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். "பிள்ளை வளருது சார், நம்ம முடிவு மட்டும் அசையாம நிக்கணுமா?" என்பார் டீச்சர். மனுஷிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஓய்வு பெறும் நாளில் அலமாரியை ஒழித்தபோது, பேனாவால் எழுதிய ஒரே படிவம் கையில் அகப்பட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் வகுப்புப் பூனைக்குட்டியின் படிவம். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அதனால் அந்தச் சிறுமிக்கு அப்படியொரு பட்டப்பெயர். சிறு வகுப்புக்கு அனுப்பலாம் என்ற பேச்சு எழுந்ததும், துணிக்கடையில் வேலை பார்த்த அவள் அம்மா நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பாருங்க டீச்சர், எவ்வளவு அழகா எழுதியிருக்கா! அந்த ரூமுக்கு அனுப்பினா எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க. வேணாம் டீச்சர்."

நோட்டு முழுக்கச் சரிக்குறி. டீச்சருக்கு மனசு இளகிவிட்டது. 'பொது வகுப்பு' என்று பேனாவாலேயே எழுதி, "போதுமா? இனி யாராலயும் அழிக்க முடியாது" என்றார்.

நாலு மாதம் கழித்து, வகுப்பாசிரியை வராத ஒரு நாள், டீச்சர் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் போனார். அங்கேதான் குட்டு உடைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி தன் நோட்டை முடித்துவிட்டு, பூனைக்குட்டியின் நோட்டை இழுத்து அதிலும் எழுதினாள். பூனைக்குட்டி அவளுக்குப் பென்சில் சீவிக் கொடுத்தாள்.

"என்னடி இது?"

"அவளுக்கு எழுத வராது டீச்சர். பாவம், திட்டு வாங்குவா. நான்தான் தினமும் எழுதித் தரேன்" என்கிறாள் அந்தப் புண்ணியவதி.

நாலு மாதம்! பென்சில் சீவியே ஒரு குழந்தை காலம் தள்ளியிருக்கிறது. பிள்ளையைப் பார்க்காமல் நோட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார்? டீச்சரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் அம்மாவை வரவழைத்து உள்ளதைச் சொன்னார். அம்மா பொரிந்து தள்ளினார்.

"நீங்கதானே எழுதினீங்க? இப்போ நீங்களே மாத்துவீங்களா?"

"தப்பு என்னோடதும்மா. தப்பா எழுதினாலும் பயப்படாம அவளே எழுதுற இடம் வேணும் அவளுக்கு."

அம்மா படிவத்தை இழுத்துப் பார்த்தார். பிறகு, "அவகிட்ட கேட்டீங்களா?" என்றார்.

அத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையிடம்கூட டீச்சர் கேட்டதில்லை. பூனைக்குட்டியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

இதோ, கையிலிருக்கும் படிவத்தில் பேனா எழுத்தின் மேல் ஒரு கோடு. கீழே பென்சிலில், 'காலையில் சிறு வகுப்பு, மதியம் தோழியுடன். பிள்ளை சொன்னது.' அன்று அவள் கேட்ட இன்னொன்றை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. ஆனால் டீச்சருக்கு அந்தக் குரல் இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது.

"அங்க நானே எழுதலாமா டீச்சர்?"

மற்ற படிவங்களையெல்லாம் அலுவலகத்தில் ஒப்படைத்தார். இதை மட்டும் யாரையும் கேட்காமல் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.