கரண்ட் வந்தால் உயிர் வரும்

என் வீட்டுக்காரர் விஞ்ஞானி ஆனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு தின்ற பிறகு. அதுவரை அவர் பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். சரியாகச் சொன்னால், அதற்கு முந்தின மாதம் வரை மெக்கானிக். புதிதாக வந்த மேனேஜர் ஏதோ சொல்ல, இவர் ஸ்பேனரை மேசைமேல் போட்டுவிட்டு வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஆள் அனுப்பிச் சொன்னார்கள். "அந்த வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்" என்றார். மிதிக்கவில்லைதான். பாயை விரித்து டிவி முன்னால் கிடந்தார்.

குடும்பம் ஓடியது என் ஓவர்லாக் மெஷினில். மங்கலம் ரோட்டில் எங்கள் லைன் வீட்டின் முன்னறையில் அதைப் போட்டு, குழந்தைகள் சட்டைக்கு ஓரம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தீபாவளி நெருங்கும் சமயம். சொன்ன நாளில் பீஸைக் கொடுக்காவிட்டால் கான்ட்ராக்டர் அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அப்படிப் போனால் இவர் அந்த மேனேஜர் முன்னால் கைகட்டி நின்றே ஆகவேண்டும். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிடி கடையிலிருந்து ஒரு பழைய பேய்ப் படம் எடுத்து வந்தார். கறுப்பு வெள்ளை, இங்கிலீஷ். ஒரு விஞ்ஞானி பிணங்களைத் திருடி, ஒன்றின் கை, இன்னொன்றின் தலை என்று சேர்த்துத் தைத்து, மின்னல் வெட்டும்போது கரண்ட் பாய்ச்சி உயிர் கொடுக்கிறான். வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பதால் இவரே மொழிபெயர்த்தார். அவருக்கும் தெரியாது என்பது அவரைத் தடுக்கவில்லை.

"இப்ப என்ன சொல்றான்னா, கரண்ட் வரட்டும், அதுவரைக்கும் யாரும் கை வெக்காதீங்கங்கறான்."

அந்த வருடங்களில் எங்களுக்கும் தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்ததால் அது நியாயமான பேச்சாகத்தான் பட்டது.

பக்கத்துப் போர்ஷன் அக்காவும் கூட உட்கார்ந்து பார்த்தாள். தேனிப் பக்கத்துக்காரி, கம்பெனியில் செக்கிங் வேலை. பூதத்தின் கழுத்தைக் கிட்டத்தில் காட்டியதும், "என்னத்தா தையல் இது? எங்க டேபிளுக்கு வந்திருந்தா ரிஜெக்ட்டுல தூக்கிப் போட்டுருப்பேன்" என்றாள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, அளவு பார்க்காமல் வெட்டியிருக்கிறான் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். உயிர் வந்த பூதத்தைப் பார்த்து விஞ்ஞானியே அரண்டு ஓடுகிற இடத்தில் அக்காவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "செஞ்சு விட்டுட்டு ஓடுறான் பாரு, வெக்கங்கெட்டவன்!" இவர் மட்டும் பாயை விட்டு எழுந்து டிவிக்குக் கிட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து பழைய இரும்புக் கடையிலிருந்து செத்துப்போன ஓவர்லாக் மெஷின்கள் வந்து இறங்கின. எல்லாம் மூடிப்போன கம்பெனிகளின் பிணங்கள். முன்னறை சுடுகாடானது. எங்கள் மகள் ஸ்கூல் பையை வைக்க இடமில்லாமல் நின்றாள்.

"ஒவ்வொண்ணுலயும் நல்லத மட்டும் எடுத்துச் சேத்தறேன். புது மெஷினே தோத்துப் போகும் பாரு அம்மிணி" என்றார். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார். விஞ்ஞானிகளுக்குப் பசிக்காது போலிருக்கிறது. சோறு ஆறிப்போனால் மட்டும் கோபம் வரும்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மெஷின்களுக்கு ஓய்வு. துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டால், மறுநாள் விஜயதசமிக்குத்தான் தொடுவோம். என் மெஷினைத் துடைத்து வைக்கிறேன் என்றார். சும்மா இருக்கிற மனுசன், வாயைத் திறந்து கேட்கிறாரே என்று விட்டுவிட்டு, மகளோடு பொரியும் பூசணிக்காயும் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் என் மெஷின் வயிறு திறந்து கிடந்தது. அதன் மோட்டார் அவருடைய பூதத்துக்குள் போயிருந்தது. நூலைக் கோத்துக் கொடுக்கும் கொக்கியான லூப்பரையும் விடவில்லை. அரத்தால் தேய்த்துப் பூதத்துக்குப் பொருத்தியிருந்தார். இனி அது பழைய இடத்துக்கு ஆகாது.

எங்கள் பக்கம் சண்டையும் மரியாதையாகத்தான் நடக்கும்.

"உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?"

"கடையில வாங்குன மோட்டாரெல்லாம் கருகிப் போச்சு அம்மிணி. ஓடறது இது ஒண்ணுதான்."

"ஓடறத நிறுத்திப்போட்டு ஓடாதத ஓட்டப் போறீங்களாக்கும்?"

"நாளைக்குப் பாரு."

வேறு வழி? சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்து முடித்திருந்தார். இனி அன்றைக்கு ஓட்டிப் பார்க்கவும் முடியாது, பிரித்து மாட்டச் சொல்லவும் முடியாது. வயிற்றெரிச்சலோடு நானே அந்தப் பூதத்துக்குக் கற்பூரம் காட்டினேன். படத்தில்கூட இந்தக் கொடுமை இல்லை.

விஜயதசமி காலையில் கரண்ட் இல்லை. இவர் குளித்துத் திருநீறு பூசி சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றார். அக்காவும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள். மேலே ஃபேன் அசைந்ததும் சுவிட்சைத் தட்டினார். பூதம் ஒரு உறுமல் உறுமி ஓட ஆரம்பித்தது. துண்டுத் துணியை விட்டுப் பார்த்தார். ஓரம் அவ்வளவு நேராக விழுந்தது. மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். உண்மையைச் சொன்னால் எனக்கும் சிலிர்த்துவிட்டது. அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

நான் உட்கார்ந்து சட்டைப் பீஸை விட்டேன். பூதத்துக்கு நடுக்கம் கண்டது. நடுக்கத்தில் ஸ்டாண்டு தரையில் நகர்ந்தது. ஒரு சட்டைக் கையைக் கவ்வி மென்று துப்பியது. "ஆத்தாடி, நடக்குதுத்தா!" என்று அக்கா வாசலுக்கு ஓடினாள். இவர் திருகினார், தட்டினார், திட்டினார். பிறகு கொடியில் கிடந்த நல்ல சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"படத்துல வந்தவன் மாதிரியே போயிட்டாரே" என்றாள் அக்கா. எனக்கு அழுகை முட்டியது. அவர்மேல் வந்த ஆத்திரத்தில் அதை அடக்கிக்கொண்டேன்.

அழுதால் பீஸ் முடியாது. வேஸ்ட் துணியை மடித்து ஸ்டாண்டின் அடியில் திணித்தேன். அரிசி மூட்டையை இழுத்து வந்து முட்டுக் கொடுத்தேன். மெதுவாக மிதித்தால் பூதம் பேச்சைக் கேட்டது; அவரை நினைத்து வேகமாக மிதித்தால் அதுவும் வெறி பிடித்து ஆடியது. போகப்போக அதன்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. ஊரே தூக்கிப் போட்டதை ஒட்டவைத்து ஓடு என்றால், பாவம் அதுதான் என்ன செய்யும்? ஒவ்வொரு கட்டு முடியும்போதும் வாசல் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருந்தது. நானும் ஸ்டூலை நகர்த்திக்கொண்டே தைத்தேன்.

சாயங்காலம் இவர் வந்து வாசலிலேயே நின்றார். கையில் ஒரு பொட்டலம்.

"எங்கீங்க போனீங்க?"

"கம்பெனிக்கு."

நான் மிதிப்பதை நிறுத்தினேன்.

"மன்னிப்புக் கேட்டுப் போடலாம்னுதான் போனேன். பூஜை லீவுங்கற நெனப்பே இல்ல. சாத்துன கேட்டு முன்னாலயே நின்னுட்டிருந்தேன். வாட்ச்மேன்தான் பாத்துட்டு, புள்ளைக்குக் குடுங்கன்னு பொரி குடுத்தாரு."

அந்த நல்ல சட்டை முதுகில் வேர்த்து ஒட்டியிருந்தது.

"நாளைக்குப் போக வேண்டாங்க" என்றேன். "பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு. வந்து இதப் புடிங்க, ஆடுது."

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். பூதத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் மிதித்தேன். பூதம் அசையவில்லை; ஓரம் நேராக விழுந்தது.

பொரியைத் தின்றுகொண்டிருந்த மகள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். "அப்பா தோளு ஏம்மா அப்பிடி ஆடுது?"

"மெஷின் ஓடுதல்ல கண்ணு, அதான்" என்றேன்.