பென்சில் கோடு மேலே

முதலைப் பண்ணையில் முட்டை அறை பார்க்கிற பெண்ணை முதலை விழுங்கிவிட்டது என்ற செய்தியை, அந்தப் பெண்ணே பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெரிய உப்புத்தண்ணி முதலை இருக்கே, அதுதானாம். காலு மட்டும்தான் மிச்சமாம்," என்றாள் பக்கத்தில் நின்ற தையல்காரி. "என் நாத்தனார் சொன்னா. அவளுக்குக் காய்கறிக்காரர் சொன்னாராம்."

"எந்தக் காலு?"

"இதையெல்லாமா கேட்பாங்க? போங்கக்கா."

இவள் குனிந்து தன் இரண்டு செருப்புகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சுண்டுவிரலில் துணிக்கட்டு இருந்தது உண்மைதான். கடித்தது மீன் டின்னின் மூடி.

வதந்தி பேருந்துக்காகக் காத்திருக்கவில்லை. அவள் பண்ணைக்குள் நுழைவதற்குள் அது கடல் தாண்டி மகளிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"அம்மா, உசிரோடதானே இருக்க?"

"இல்லடி, வயித்துக்குள்ள இருந்துதான் பேசறேன். சிக்னல் நல்லாவே கிடைக்குது."

மகள் சிரிக்கவில்லை. "எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. நீ முதல்ல அந்த வேலையை விட்டுட்டு இங்க வந்துடு."

"முட்டை பொரியட்டும். அப்புறம் பேசலாம்."

எந்த முட்டை என்று மகள் கேட்கவில்லை. அவளுக்கும் அந்தக் கதை தெரியும்.

பண்ணையில் எல்லோரும் அவளைக் கோழியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி ஆயுளைக் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் கழித்தவள். கரண்டு போய் இயந்திரம் நின்றால், தட்டு தட்டாக முட்டைகளைக் கையாலேயே திருப்புவாள். திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போய், வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிற முட்டையைக்கூடத் திருப்பி வைப்பாள். "அது ஆம்லெட்டுக்கும்மா, குஞ்சு வராது," என்று மகள் கிண்டல் செய்வாள். பொரிப்பகம் மூடப்பட்டதும் முதலைப் பண்ணைக்குக் கூட்டிப் பெருக்க வந்தாள். முட்டையைக் கையில் எடுக்கிற பக்குவத்தைப் பார்த்து, பண்ணையின் கால்நடை மருத்துவரான டாக்டரம்மா அவளை முட்டை அறைக்கு மாற்றினார்.

முதலை என்றால் முதலைதானே என்று நினைத்திருந்தவளுக்கு, அங்கே போன பிறகுதான் அதிலும் இத்தனை ஜாதி என்று தெரிந்தது. பெரிய குளத்தில் கிடந்த உப்புநீர் முதலை ஒரு வேனைவிட நீளம். மணிக்கணக்கில் அசையாது, அசைந்தால் கண்ணிமைக்க நேரம் இருக்காது. அடுத்த குளத்தில் கிடுக்கி மாதிரி ஒடுங்கிய நீள மூக்குக்காரன்; மீன் தவிர வேறெதற்கும் வாய் திறக்க மாட்டான். கடைசித் தொட்டியில் குள்ள முதலை ஜோடி. காட்டு ஓடைகளில் வாழ்கிற இனம்; முழுசாக வளர்ந்தும் ஒரு பெஞ்சு நீளம்தான். விருந்தாளி வந்தால் உள்ளறைக்குள் புகுந்துகொள்கிற பிள்ளை மாதிரி, பகலெல்லாம் பொந்துக்குள்ளேயே கிடக்கும். கோழியக்காவுக்கு அதுகள்தான் செல்லம்.

அந்தக் குள்ள முதலை முதன்முறையாக இலைச்சருகைக் குவித்து முட்டை இட்டது. டாக்டரம்மா ஒவ்வொரு முட்டையின் மேற்பக்கத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஈர மண் நிரப்பிய பெட்டியில் வைத்தார். "இந்தக் கோடு எப்பவும் மேலயே இருக்கணும்," என்றார். மிதமான சூட்டில் பெண், கொஞ்சம் கூடினால் ஆண், இன்னும் கூடினால் மறுபடியும் பெண் என்றும் சொன்னார்.

"இப்படி ஒரு வசதி எனக்கு இருந்திருந்தா என் மாமியார் வாயை அடைச்சிருப்பேன்," என்றாள் கோழியக்கா.

பெட்டியை அவள் தனியாகப் பார்த்துக்கொண்ட முதல் காலை. மூடியைத் திறந்தாள், வெப்பமானியைப் பார்த்தாள், மண்ணின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். மனசு எங்கேயோ இருந்தது. கை தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. ஐந்தாவது முட்டையைத் தொட்டபோதுதான், முதல் நாலிலும் கோட்டைக் காணவில்லை என்பது உறைத்தது.

பதறிப்போய் நாலையும் பழையபடி வைத்துவிட்டு ஓடினாள்.

"கோழிக்கு நேர் எதிர் இது அக்கா," என்றார் டாக்டரம்மா. "மேல் ஓட்டுல ஒட்டிக்கிட்டுதான் கரு வளரும். தலைகீழா வெச்சா மூச்சு முட்டிடும். ரொம்ப நேரம் இருந்துச்சா?"

"மூடியைப் போடறதுக்குள்ள பார்த்துட்டேம்மா."

"அப்ப பார்ப்போம்." அந்த நாலில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இப்போது தொலைபேசியில் மகள் அதையே பிடித்துக்கொண்டாள். "அந்த நாலுல ஒண்ணுகூடப் பொரியலைன்னா வந்துடணும். அதுக்கப்புறம் அந்த அறையில உட்கார உனக்கே மனசு வராதும்மா."

மகள் சொன்னது சரிதான். ஆனால் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து பார்த்தவள் அவள். திறக்க முடியாத ஜன்னல். கைக்கு வேலையே இல்லாத பகல்கள்.

"ஒண்ணு பொரிஞ்சா?"

"பொரிஞ்சா நான் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். போதுமா?"

மழை முடிந்து வெயில் ஏறியது. கோடு மட்டும் போட்ட முட்டைகள் ஒவ்வொன்றாக விரிந்து, ஒரு சாண் நீளத்தில் கோபக்காரக் குஞ்சுகள் வெளியே வந்தன. பெருக்கல் போட்டவற்றில் இரண்டு நாறிப்போயின. அவளே எடுத்துக் கொண்டுபோய்ப் புதைத்தாள். மீதி இரண்டும் வாய் திறக்காமல் கிடந்தன. "இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்," என்று டாக்டரம்மா சொன்ன தொனியில் நம்பிக்கை அதிகமில்லை. அன்றிரவு கோழியக்கா வீட்டுப் பரணிலிருந்து பயணப் பெட்டியைக் கீழே இறக்கித் தூசி தட்டி வைத்தாள்.

மறுநாள் காலை தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ரப்பர் பொம்மையை அமுக்கினால் வருகிற மாதிரி ஒரு சத்தம். செருப்புதான் தேய்கிறது என்று நினைத்து அசையாமல் நின்றாள். மறுபடியும் வந்தது. பெட்டிக்குள்ளிருந்து.

டாக்டரம்மா வந்து மண்டியிட்டுக் காதை வைத்தார். "பெருக்கல் போட்டதுதானேக்கா?"

"ஆமாம்மா."

"உள்ள இருந்து அம்மாவைக் கூப்பிடுது. உடைச்சு விடறேன்னு போயிடாதீங்க, அதுவா வரட்டும்."

கோழியக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கையை நம்ப முடியாது. கம்பி வலைக்கு அப்பால், பட்டப்பகலில், குள்ள முதலை பொந்தைவிட்டுத் தலையை வெளியே நீட்டியிருந்தது.

பிறகுதான் நினைவு வந்து கைபேசியை எடுத்தாள். மகள் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் வேலை நேரத்தில் கைபேசியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். இப்போது அங்கே வேலை நேரம், எடுக்க மாட்டாள் என்று தெரிந்தேதான் அழைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தது. கைபேசியை முட்டைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"எடுடி," என்றாள் மெதுவாக.

உள்ளேயிருந்து குஞ்சு மறுபடி கூப்பிட்டது. பென்சில் கோட்டின் ஓரத்தில் மயிரிழையாய் ஒரு விரிசல் ஓடியது. அந்தப் பக்கம் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.